ஒண்ணரைக் கையும் ஒரு மாக்கல்லும்

எலுமிச்சம்பழத்தை எடுத்து, பேனாக்கத்தியால் இரண்டாக நறுக்கி, ஒரு மூடியைக் கல்லின் மேல் பிழிந்ததும் கடைக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

''சார்... நமக்கு யாரும் விரோதி கிடையாது சார். யாராவது அனுப்பினாங்களா?''

''சேச்சே! டெஸ்ட் பண்றேங்க.''

''டெஸ்ட்டுன்னா...?''

''புளிப்பு பட்டா கல்லு அரிக்குதான்னு பார்க்கிறேன்.''

நம்பவில்லை மனிதர். நான் வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போது திரும்பிப் பார்த்தேன். பையன் ஒருவன் வாசலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான்!

சமையலறைக்கு மேடைக் கல் வாங்குவது என்பது பெண் பார்ப்பது மாதிரி என்று என் நண்பன் சொன்னான். தப்பு. பெண் பார்க்கப் போனால் பஜ்ஜியாவது கிடைக்கும். கல் பார்க்கப் போனால் முழங்கால் வரை தூசிதான்.

நான் பி.காம். வரவு, செலவு, ஐந்தொகை, தேய்மானம்... இதுதான் நான் படித்தது. கல்லைப் பற்றி எனக்கு இருந்த அறிவெல்லாம், சோற்றில் வந்தால் பல்லில் கடிபடும் என்ற அளவில்தான். அப்படிப்பட்டவனைக் கையில் எலுமிச்சம்பழத்தோடு தெருத்தெருவாக அலைய வைத்தது என் அம்மாவின் கை.

விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா கும்பகோணத்தில் தனியாக இருந்தார். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை பழையபடி வரவில்லை. விரல்கள் மடங்கும். ஆனால் எதையாவது பிடித்தால் பிடி நிற்காது. ''இனிமே தனியா இருக்கக் கூடாது'' என்று நங்கநல்லூர் ஃப்ளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சாமி படம், பழைய புடவையில் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றிய ஒரு கல்சட்டி. அவ்வளவுதான் சொத்து.

வந்த மூன்றாம் வாரம் அது நடந்தது. கொதிக்கிற ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கியிருக்கிறார். பிரிமணை சிங்க் பக்கம் இருந்தது. அங்கே போவதற்குள் இடது கை விட்டுவிட்டது. பாதி ரசம் தரையில், மீதி அம்மாவின் பாதத்தில்.

பாதம் பத்து நாளில் ஆறியது. ஆனால் வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. ''அத்தை இனிமே அடுப்புக்கிட்ட வரக் கூடாது. சமையலுக்கு ஆள் வெச்சுக்கலாம்.'' இது என் மனைவி. நானும் தலையாட்டினேன். இரண்டு பேருக்கும் பயம்தான், வேறொன்றுமில்லை.

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. ஹாலில் உட்கார்ந்து டி.வி. பார்த்தார். டி.வி. ஓடாத நேரத்திலும் டி.வி.யையே பார்த்தார். சமையல்கார அம்மா வைத்த சாம்பாரை, ''நன்னாருக்கு'' என்று சொல்லிக் கால் வயிறு சாப்பிட்டார். எங்கள் அம்மா ஒரு சாம்பாரை நன்றாக இருக்கிறது என்று சொன்னதே கிடையாது, தன்னுடையது உட்பட! எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண்தான் ஒருநாள் கேட்டார். ''பாட்டி வீட்ல என்ன வேலை செய்யறாங்க?''

''ஒண்ணும் செய்ய விடறதில்லைங்க'' என்றேன் பெருமையாக.

''அதான் கை அப்படியே இருக்கு'' என்றார் அவர்.

அன்று ராத்திரி நானும் மனைவியும் சமையலறையில் நின்று பேசினோம். அம்மாவை அடுப்பை விட்டு விலக்குவதா, அடுப்பை அம்மாவுக்குத் தகுந்த மாதிரி மாற்றுவதா? எப்படியும் மேடையை மாற்ற வேண்டியதுதான். ஃப்ளாட்டைப் பழசாக வாங்கினோம். மேடை, கடப்பா கல். எலுமிச்சை வைத்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டம், சிங்க் ஓரம் பொரிந்து போய், அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது.

கடப்பா கல் ஏன் இப்படி ஆகிறது? ஆந்திராவில் கடப்பா மாவட்டத்திலிருந்து வருகிற இந்தக் கறுப்புக் கல் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல். சுண்ணாம்புக்கும் புளிப்புக்கும் ஆகாது. புளியும் எலுமிச்சையும் வினிகரும் மேலே நின்றால் மெதுவாக அரித்துவிடும். பளிங்குக்கும் இதே ஜாதகம்தான். புளி இல்லாமல் ஒருநாள் ஓடாத நம் சமையலறையில் பளிங்கு மேடை போடுவது, பூனைக்குப் பால் காவல் கொடுப்பது மாதிரி. என் எலுமிச்சம்பழத்தின் ரகசியம் இதுதான். பிழிந்து பத்து நிமிஷம் விட்டுத் துடைத்தால், மங்கலாகத் தழும்பு தெரிந்தால், அது சுண்ணாம்பு வம்சம். கடைக்காரர் எந்தப் பெயரில் விற்றாலும் சரி.

அடுத்தது கிரானைட். நல்ல கல். கத்தி பட்டால் கத்திதான் மழுங்கும். புளிக்கு அசராது. சூட்டையும் பெரும்பாலும் தாங்கிவிடும். வெளிர் நிறமாக இருந்தால் எண்ணெய்க் கறை கொஞ்சம் உறிஞ்சும். அதற்கு 'சீலர்' என்று ஒன்று பூசுகிறார்கள். ஜெட் பிளாக் என்று கறுப்பாக வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பாக்கி விற்பதும் நடக்கிறது. வெள்ளைத் துணியில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் கல்லுக்குத் தலைச்சாயம் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். (அந்தத் திரவத்தையும் நான்தான் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.)

மூன்றாவது, குவார்ட்ஸ். கண்ணாடி போட்ட ஏ.சி. ஷோரூமில் டை கட்டிய பையன் காட்டினான். வெள்ளை வெளேரென்று, சினிமா ஹீரோ வீட்டுச் சமையலறை மாதிரி. இது மலையிலிருந்து வெட்டிய கல் அல்ல. குவார்ட்ஸ் கல்லை நொறுக்கி, பிசின் சேர்த்து அழுத்திச் செய்வது. பத்தில் ஒன்பது பங்கு கல், மிச்சம் பிசினும் நிறமும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

''சூடான பாத்திரத்தை நேரா வைக்கலாமா தம்பி?''

''வைக்கக் கூடாது சார். பிசின் நிறம் மாறிடும். கீழே ஒரு பிரிமணை வெச்சுட்டு வைங்க.''

இதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அம்மா வாய் திறந்தார்.

''பிரிமணை எடுக்க ஒரு கை வேணும். பாத்திரத்தை இறக்க ரெண்டு கை வேணும். ஆக மொத்தம் மூணு. எங்கிட்ட இருக்கிறது ஒண்ணரைக் கைடா!''

சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

குவார்ட்ஸைப் பற்றி இன்னொரு விஷயம். அதை அறுக்கும்போது பறக்கிற சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். 'சிலிகோசிஸ்' என்ற வியாதி. வந்தால் போகாது. கிரானைட் தூசியிலும் இந்த ஆபத்து உண்டு. குவார்ட்ஸில் சிலிக்கா ரொம்ப அதிகம். அறுக்கிற இளைஞர்கள் பலர் விழுந்ததைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லைத் தடையே செய்துவிட்டது. நம் வீட்டு மேடை எதுவானாலும், அறுக்கிற பையன் தண்ணீர் விட்டு அறுக்கிறானா, முகமூடி போட்டிருக்கிறானா என்று பார்ப்பது நம் பொறுப்பும்தான்.

சரி, என்னதான் கல் போடுவது? விடை பரண் மேலேயே இருந்தது. புடவை சுற்றிய அந்தக் கல்சட்டி!

''இதுலே எத்தனை வருஷமா வத்தக்குழம்பு வெச்சிருக்கேன்? புளி அரிச்சுதா? கொதிக்கக் கொதிக்க இறக்கி வெச்சா விரிசல் விட்டுதா? இந்தக் கல்லுல மேடை கிடைக்காதாடா?'' என்றார் அம்மா.

கல்சட்டி, மாக்கல்லில் கடைவது. சேலம் பக்கம் இன்றும் கடைகிறார்கள். இங்கிலீஷில் இதற்கு சோப்புக் கல் என்று பெயர். தடவினால் சோப்பு மாதிரி வழவழவென்றிருக்கும். காரணம், இதில் இருக்கும் டால்க். ஆமாம், முகத்துக்குப் பூசுகிற பவுடரின் அதே டால்க்! தையற்காரர் துணியில் கோடு போடும் சாக்கும், நாம் ஸ்லேட்டில் எழுதியும் கொஞ்சம் தின்றும் தீர்த்த பலப்பமும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். 1117-ல் விஷ்ணுவர்த்தனன் பிரதிஷ்டை செய்த பேலூர் சென்னகேசவர் கோயிலில், கல்லில் நகை செதுக்கியது போல இருக்கிறதே, அதுவும் மாக்கல் இனம்தான். கல் மிருது, அதனால்தான் உளி அப்படி விளையாடியிருக்கிறது. பிரேசிலில் ரியோ நகரத்து மலை மேல் 1931 முதல் கை விரித்து நிற்கும் பிரம்மாண்டமான ஏசு சிலைக்கு மேல்தோல் இந்தக் கல் சில்லுகள்தான். அமெரிக்காவில் கெமிஸ்ட்ரி லேப் மேஜைகளுக்கே இதைப் போட்டார்கள். ஆசிட்டுக்கே அசராத கல், அம்மாவின் ரசத்துக்கா அசரும்?

இவ்வளவு நல்ல கல்லுக்கு ஒரே ஒரு குறை. மிருது. 1812-ல் ஃப்ரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மன்காரர் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். பத்தாவது வைரம். முதல் இடம், அதாவது கடைசி பெஞ்ச், டால்க்! நகத்தால் கீறினாலே விழும். கிரானைட் ஆறு, ஏழு வாங்குகிற பையன்.

கல் கடைகளில் கேட்டேன். ''மாக்கல்லா? அது பொம்மை செய்யறது சார்'' என்று சிரித்தார்கள். பொம்மை செய்கிற இடத்துக்கே போவோம் என்று மகாபலிபுரம் போனேன். உளிச் சத்தம் கேட்ட பட்டறை ஒன்றில் நுழைந்தேன். வாசலில் மாக்கல் பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் ஒருவரிடம் விவரம் சொன்னேன். ஓரத்தில் கிடந்த ஒரு பலகைக் கல்லைக் காட்டி, ''இதைக் கொடுங்க, கேட்ட விலை தர்றேன்'' என்றேன்.

அவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து, என் கட்டைவிரல் நகத்தாலேயே கல்லில் ஒரு கோடு இழுத்தார். வெள்ளையாக விழுந்தது.

''இது சிலைக் கல்லு தம்பி. மாவு அதிகம். உங்க வீட்டுல கரண்டி விழுந்தா பள்ளம் விழும். நான் வித்துடுவேன். நாளைக்கு உங்கம்மா என்னைத்தானே திட்டுவாங்க?''

அப்போதுதான் விளங்கியது, மாக்கல்லிலும் இரண்டு ரகம் உண்டு என்று. டால்க் அதிகமாக இருப்பது செதுக்குவதற்கு. குறைவாக, மற்றக் கனிமங்கள் கலந்து கெட்டியாக இருப்பது கட்டடத்துக்கு. மேடைக்கு இரண்டாவது ரகம் வேண்டும். நகத்தால் கீறினால் விழக் கூடாது. கத்தியால் கீறினால் லேசாக விழலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தால், உறிஞ்சிய அடையாளம் இருக்கக் கூடாது. கிரானைட் மாதிரி முக்கால் அங்குலம் போதாது. ஒன்றேகால் அங்குலமாவது கனம் வேண்டும். பெரியவரே தனக்குத் தெரிந்தவர் மூலம் அப்படி ஒரு துண்டு வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். மூன்று வாரம் ஆகும் என்றார். முழு மேடைக்கா என்று விலை கேட்டேன். சொன்னார். என் மூன்று மாதக் கட்டுரைச் சன்மானம் கண்ணில் வந்து போனது.

ராத்திரி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பி.காம். அல்லவா! நேர்கோட்டு முறைத் தேய்மானம், ஆயுள் இருபது வருஷம்... பக்கத்தில் அம்மாவின் வயதையும் எழுதினேன். எழுதியதும் பேனா நின்றுவிட்டது. இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் விடை தப்பாகத்தான் வரும் என்று தோன்றி நோட்டை மூடினேன்.

மறுநாள் காலையில் மேஸ்திரி வந்திருந்தார். அம்மா அவரைச் சமையலறைக்குள் அழைத்துக்கொண்டு போனார். சட்டம் வந்த பிறகு முதல் தடவையாக!

''மேஸ்திரி, கும்பகோணத்துல எங்க மாமியார் காலத்துல தரை அடுப்பு. பாத்திரத்தை ஒரு சாண் நகர்த்தினா தரை. தூக்கவே வேண்டாம். இங்கே பாருங்கோ, மேடை மேல அடுப்பு, அடுப்பு மேல பாத்திரம். நாலு அங்குலம் தூக்கி இறக்கணும். என்னோட கஷ்டம் அந்த நாலு அங்குலம்தான். அடுப்பை அந்த அளவுக்குக் கீழே பதிச்சுட்டா, பாத்திரத்தை இழுத்தாலே போதுமில்லையா?''

மேஸ்திரி வாயைப் பிளந்தார். நானும்தான். பதினேழு கடை ஏறி இறங்கியவனுக்குத் தோன்றாதது, டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் டி.வி. பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

''சிலிண்டரை விட அடுப்பு ஒசரமா இருக்கணும்மா'' என்று மேஸ்திரி டேப்பை நீட்டி அளந்தார். இருந்தது. அப்புறம் அம்மாவை நிற்க வைத்து முழங்கை உயரம் அளந்தார். மேடை, முழங்கையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. அம்மாவுக்கு 31 அங்குலம் வந்தது. என் மனைவி உயரம், அவளுக்கு 35. மாமியாருக்கும் மருமகளுக்கும் சமையலறையில் ஒத்துப்போகாது என்று சொல்வார்களே, அது அங்குலக் கணக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது!

முடிவு இப்படி ஆயிற்று. நீள மேடை முழுக்கக் கறுப்பு கிரானைட், மனைவியின் உயரத்துக்கு. ஓரத்தில் அம்மாவின் உயரத்துக்கு அடுப்புப் பகுதி. அடுப்பு பள்ளத்தில் உட்காரும். அதன் தலை பக்கத்துக் கல்லோடு சமமாக நிற்கும். அந்தப் பக்கத்துக் கல் மட்டும் இரண்டடிக்கு இரண்டடி மாக்கல். சூட்டுக்கு கிரானைட்டே போதும்தான். ஆனால் பிடி நிற்காத கை பாத்திரத்தைக் கொஞ்சம் 'ணங்'கென்று வைக்கும்; கிரானைட்டில் வைத்தால் கல்சட்டி எத்தனை நாள் தாங்கும்? கல்சட்டிக்குக் கீழே அதன் சொந்தக்காரக் கல் இருக்கட்டும் என்று மனைவிதான் சொன்னாள். பட்ஜெட்டும் பிழைத்தது.

கல் வந்தது. சாம்பலில் லேசாகப் பச்சை கலந்த நிறம். எண்ணெய் தடவத் தடவக் கறுக்கும். சமையல் எண்ணெய் போட்டால் பிசுக்காகி நாற்றம் வரும், 'லிக்விட் பாரஃபின்' வாங்கித் தடவுங்கள் என்றார்கள். மெடிக்கல் ஷாப்பில் போய்ப் பெரிய பாட்டிலாகக் கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, ''எத்தனை நாளா சார் போகலை?'' என்றார் பரிவோடு. கல்லுக்கு என்றேன். ''மூலமா?'' என்றார்! அதற்கு மேல் விளக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன் சமையலறையில் வெளிச்சத்தைப் பார்த்தேன். அம்மா மஞ்சள்பொடியை விளக்கெண்ணெயில் குழைத்து, புதுக் கல்லின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தார். புதுக் கல்சட்டியை அப்படித்தான் பழக்குவார்களாம். வலது கை தேய்த்தது. அரைக் கை கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் சத்தம் போடாமல் திரும்பிப் படுத்துவிட்டேன். (மஞ்சள் கறை ஆகுமே என்று பயந்தேன். மறுநாள் துடைத்ததும் போய்விட்டது. உறிஞ்சாத கல்.)

காலையில் வத்தக்குழம்பு வாசனை. அடுப்பை அணைத்துவிட்டு, வலது கையில் துணியைப் பிடித்து, கல்சட்டியை மெல்ல இழுத்தார் அம்மா. கல்லின் மேல் கல் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. இறக்கி வைத்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது. கல்சட்டி அப்படித்தான். அடுப்பு அணைந்தது அதற்கு உடனே தெரியாது.

''எப்படி இருக்கு?'' என்று ஒரு கரண்டி நீட்டினார்.

''பிரமாதம்மா!''

''உப்பு ஒரு கல் கம்மி'' என்றார் அம்மா, ருசி பார்த்துவிட்டு. எனக்கு உயிர் வந்தது. வீடு சரியாகிவிட்டது.

ஆறு மாதம் ஆகிறது. மாக்கல்லில் நாலைந்து கீறல். முதல் கீறல் என் மனைவியின் உபயம், தேங்காய் உடைக்கும்போது. ''ஐயையோ அத்தை!'' என்று பதறினாள். அம்மா உப்புத்தாளை எடுத்துக் கொடுத்து, ''தேய், போயிடும்'' என்றார். தேய்த்தாள். எண்ணெய் தடவினாள். போய்விட்டது. கிரானைட்டில் ஓரம் உடைந்தால் உடைந்ததுதான். இது தேய்த்தால் சரியாகிற கல்.

அம்மாவின் இடது கை இப்போது ஒண்ணரையிலிருந்து ஒண்ணேமுக்காலுக்கு வந்திருக்கிறது என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொல்கிறார். சமையல்கார அம்மா இன்னும் வருகிறார். இருவருக்கும் தினம் சாம்பார் விஷயமாகச் சண்டை.

அன்றைக்கு மூடிய கணக்கு நோட்டை நேற்றுத்தான் திறந்தேன். 'தேய்மானம்' என்று எழுதி, எதிரே தொகை எழுதாமல் விட்டிருந்தேன். கல் தேயும், அம்மாவும் தேய்கிறார், எனக்கும் முன் மண்டையில் ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.